ஊரே 'ஆமாம்' சொன்னபோது ஒருவர் மட்டும்...

கிறிஸ்தவராக இருப்பது சுலபம். கிறிஸ்துவின் சீடராக இருப்பதுதான் கஷ்டம். ஞானஸ்நானம் பெற்றால் கிறிஸ்தவர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனால் நல்ல கிறிஸ்தவர். இதுவரைக்கும் யாருக்கும் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் சீடர் என்றால் குருவின் பின்னால் நடப்பவர். அந்தக் குரு போன வழி எங்கே போய் முடிந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டுத்தான் பலரும் இந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறார்கள்!

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய இறையியல் படிப்பெல்லாம் தேவையில்லை. ஆஸ்திரியாவில் வாழ்ந்த ஒரு விவசாயியின் கதை போதும்.

அவர் பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். 1907-ல் பிறந்தவர். ஊர் சாங்க்ட் ராடேகுண்ட் என்ற சின்ன கிராமம். ஹிட்லர் பிறந்த பிரவுனாவும் அதே மாவட்டம்தான். இளவயதில் ஃபிரான்ஸ் ஒன்றும் சாமியார் இல்லை. மோட்டார் பைக்கில் சுற்றியவர், கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானவர். 1936-ல் பிரான்சிஸ்காவை மணந்தார். தேனிலவுக்கு இருவரும் போன இடம் ரோம்! அதன்பின் வயல், குடும்பம், விவிலியம், செபம் என்று வாழ்க்கை ஆழமானது. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள். பிற்பாடு ஊர்க் கோவிலில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்தார். ஏப்ரல் 10-ல் அதற்கு மக்கள் ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு. ஆஸ்திரிய ஆயர்களே ஆதரவாக அறிக்கை விட்டிருந்தார்கள். சாங்க்ட் ராடேகுண்டில் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டது ஃபிரான்ஸ் ஒருவர் மட்டும்தான். அதோடு நிற்கவில்லை. நாஜி அரசு கொடுத்த குழந்தைகளுக்கான உதவித்தொகையையும் வேண்டாம் என்றார்.

1940-41-ல் ராணுவப் பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். அதன்பின் அவர் மனம் தெளிவாகிவிட்டது. 1943-ல் மறுபடி அழைப்பு வந்தபோது, நேரில் போய், ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காயப்பட்டவர்களைக் கவனிக்கும் வேலை என்றால் செய்யத் தயார் என்றும் சொன்னார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜூலை 6-ல் மரண தண்டனை. ஆகஸ்ட் 9-ல் பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது வயது 36.

இங்கேதான் பலருக்கும் ஒரு கேள்வி வரும். மனைவியையும் மூன்று சின்னக் குழந்தைகளையும் விட்டுவிட்டுச் சாவது என்ன விசுவாசம்? அவர் ஒருவர் மறுத்ததால் போர் நின்றுவிட்டதா?

நியாயமான கேள்விதான். லின்ஸ் ஆயரும் அவரிடம் குடும்பத்தைப் பார் என்றுதான் சொன்னார். ஆனால் இந்த வாதத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அன்று ராணுவத்துக்குப் போன ஒவ்வொருவருக்கும் குடும்பம் இருந்தது. எல்லோரும் அதே காரணத்தைச் சொல்லித்தான் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அந்தத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றவர்களுக்கும் குடும்பம் இருந்தது. பலன் கிடைக்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் சரியானதைச் செய்வேன் என்றால், அந்தக் கணக்கு எப்போதும் 'சும்மா இரு' என்றுதான் விடை சொல்லும்.

சரி, பிடிவாதம் பிடிப்பவர்கள் எல்லோரும் சீடர்களா? இல்லவே இல்லை. ஃபிரான்ஸிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். ஒன்று, அவர் அவசரப்படவில்லை. குருக்களிடமும் ஆயரிடமும் போய்க் கேட்டார், வருடக்கணக்கில் யோசித்தார். இரண்டு, தன் முடிவுக்காக இன்னொருவர் மேல் கை வைக்கவில்லை. உயிர் காக்கும் வேலைக்குத் தயாராகத்தான் இருந்தார். மூன்று, மற்றவர்கள் மேல் கல் எறியவில்லை. ஆயர்களும் பலவீனமுள்ள மனிதர்கள்தானே என்ற பொருளில்தான் எழுதினார். இந்த மூன்றும் இல்லாத வைராக்கியம் வெறும் வீம்பு.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத இன்னொரு சீடர் இருக்கிறார். பிரான்சிஸ்கா! ஆரம்பத்தில் அவரும் கணவரின் மனதை மாற்றப் பார்த்தார். எல்லோரும் ஃபிரான்ஸை எதிர்ப்பதைப் பார்த்த பிறகு, தானும் விட்டுவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று கூட நின்றார். கணவர் போன பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளை வளர்த்தார். நீதான் அவரைக் கெடுத்தாய் என்ற ஊர்ப் பேச்சையும் தாங்கினார். போர் முடிந்தும் விதவை உதவித்தொகை உடனே கிடைக்கவில்லை. 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபிரான்ஸ் கொடுத்த விலை ஒரு நாளில் முடிந்தது. பிரான்சிஸ்கா கொடுத்த விலை, 2013-ல் தன் நூறாவது வயதில் கண் மூடும் வரை, கிட்டத்தட்ட எழுபது வருடம்! சீடத்துவம் என்றாலே மறைசாட்சியாகச் சாவதுதான் என்று நினைப்பவர்கள் இந்த அம்மாவைப் பற்றியும் படிக்க வேண்டும்.

1997-ல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 2007-ல் திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது. அந்த விழாவில் 94 வயது பிரான்சிஸ்காவும் உட்கார்ந்திருந்தார். அன்று 'போகாதே' என்று சொல்லத் தயங்கிய அதே மறைமாவட்டத்தில், 64 வருடம் கழித்து அவருக்கு விழா! திருச்சபையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூட இருப்பவர்கள் எல்லோரும் சம்மதித்த பிறகுதான் கிளம்புவேன் என்று ஒரு சீடர் காத்திருக்க முடியாது என்பதற்காகத்தான்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1943-ல் அவர் சொன்ன 'முடியாது' திடீரென்று வந்தது இல்லை. அதற்கு முன்னால் ஒரு ஓட்டு, ஒரு உதவித்தொகை என்று சின்னச் சின்ன 'முடியாது'கள் இருந்தன. அந்தப் பழக்கம்தான் கடைசியில் கைகொடுத்தது.

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒருவனைக் கிண்டல் செய்யும்போது கூடச் சேர்ந்து சிரிக்காமல் இருப்பதற்கு யாரும் தலையை வெட்டப்போவது இல்லை. அதிகம் போனால் நாலு பேர் முறைப்பார்கள். அதற்கே தைரியம் வரவில்லை என்றால், சிலுவையைப் பற்றிப் பாடும் பாட்டுக்கு என்ன அர்த்தம்?