முதல் பதிலை நம்புங்கள்

கடைக் கணக்கு எழுதுபவர்கள் முதலில் குறிப்பேட்டில் பதிவார்கள். பிறகே பேரேட்டில் ஏற்றுவார்கள். கணினியிலும் இந்த வழக்கம் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகிய கோப்பு முறைமைகள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றன. நடுவில் மின்சாரம் போனாலும் அதைப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்துவிடலாம். ஆகவே நம் கோப்புகளுக்கு ஆபத்தே இல்லை என்று பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நம் சங்கத்திற்காகத் தோட்டத்து முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்களைத் தட்டெழுதிச் சேமிக்க ஒரு நிரல் எழுதினேன். வன்தட்டு பழையது என்பதால், பிழை வந்தால் மீண்டும் முயலும்படி அமைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒருநாள் பிழை வந்தது. இரண்டாம் முயற்சியில் ‘வெற்றி’ என்றது. மறுநாள் கணினியைத் திறந்தால் மூன்று நேர்காணல்கள் பாதியில் நின்றன.

காரணத்தைப் பிறகுதான் அறிந்தேன். வழக்கமான அமைப்பில் அந்தக் குறிப்பேட்டில் இருப்பவை கோப்பின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்கள்தாம். நாம் எழுதிய உள்ளடக்கம் அதில் இல்லை. அது முதலில் நினைவகத்தில் தங்கி, பிறகே வன்தட்டுக்குப் போகிறது. “போய்ச் சேர்ந்ததா?” என்று உறுதிசெய்துகொள்ளும் கட்டளை ‘எஃப்சிங்க்’. எழுத முடியாவிட்டால் லினக்ஸ் பிழை என்று சொல்லும். ஆனால், எழுத வேண்டியவற்றின் பட்டியலிலிருந்தும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடும். மறுமுறை கேட்டால், பாக்கி எதுவும் இல்லையே! அதனால் வெற்றி என்கிறது.

இதில் ஏமாந்தது நான் மட்டுமல்ல. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களும் 2018இல்தான் இச்சிக்கலை எதிர்கொண்டார்கள். 2019இல் அதன் போக்கை மாற்றினார்கள்: எஃப்சிங்க் தோற்றால் மறுபடி கேட்பதில்லை. உடனே நின்று, தன் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து மீண்டும் எழுதுகிறது.

நின்றுவிட்டால் வேலை கெடுமே என்று சிலர் கேட்கலாம். நின்ற வேலையை நாளை தொடரலாம். எழுதாததை எழுதியதாக நம்பிவிட்டால் எதை வைத்துத் தொடர்வது? முயன்றால் முடியும் என்பது மனிதருக்குச் சரி. பழுதான வன்தட்டுக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து.

நல்லவேளையாக, ஒலிநாடாக்களை நாங்கள் அழிக்கவில்லை. மூன்று நேர்காணல்களையும் மீண்டும் கேட்டு, வேறு வன்தட்டில் தட்டெழுதினோம். நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, பிழை என்ற முதல் பதிலை நம்புங்கள். மூலத்தை மட்டும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.