கில்டுத் தலைவர் யாருக்காக உழைக்கிறார்?

2006 ஏப்ரலில் ‘வயர்ட்’ இதழில் ஜான் சீலி பிரவுனும் டக்ளஸ் தாமஸும் ஒரு சிறு கட்டுரை எழுதினர். ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டில் கில்டு ஒன்றை நடத்திய ஒருவர் யாகூ நிறுவனத்தில் உயர்பதவிக்குத் தேர்வானதைச் சான்றாகக் காட்டி, கில்டு நடத்துவது தலைமைப் பண்புக்கான முழுமையான பயிற்சி என்று அதில் வாதிட்டனர். இரண்டாண்டு கழித்து, 2008 மே மாத ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் பைரன் ரீவ்ஸ், தாமஸ் மலோன், டோனி ஓ’டிரிஸ்கல் ஆகியோர் அதே வாதத்தை விரிவாக முன்வைத்தனர். அதன்பின் மேலாண்மை வகுப்புகளில் இது ஒரு நிலைத்த உதாரணமாயிற்று. விளையாடுபவர்களும் மகிழ்ந்தனர். வீணாய்ப் போனவர்கள் என்று வீட்டில் ஏச்சு வாங்கியவர்களுக்கு ஒரு நற்சான்றிதழ் கிடைத்தால் மகிழ்ச்சி வராதா?

ஆனால் இந்தப் புகழ்ச்சி அந்த ஏச்சைவிடக் கேடானது. ஏசுகிறவர் கில்டைப் பார்க்கவே இல்லை. புகழ்கிறவரோ நன்றாகப் பார்த்துவிட்டு, தமக்கு உதவாத எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, மேலாளருக்கு வேண்டிய ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

வெட்டி எறியப்பட்டது எது என்று காண, ரெய்டு என்னும் படையெடுப்பு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2004 நவம்பரில் வெளியான அவ்விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் பெரிய ரெய்டுக்கு நாற்பது பேர் தேவை. ‘மோல்டன் கோர்’ என்னும் எரிமலைக் குகையில், அடியைத் தாங்குவோர், காயம் ஆற்றுவோர், தாக்குவோர் என்று நாற்பது பேரும் பிரிந்து நிற்க வேண்டும். பாரன் கெடான் என்னும் எதிரி தாக்கும்போது நாற்பதில் ஒருவர் உயிருள்ள வெடிகுண்டாக மாறுவார். அவர் சில விநாடிகளுக்குள் கூட்டத்தைவிட்டு விலகி ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் அருகிலிருப்போரும் சேர்ந்து மடிவார்கள். ஒருவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தேநீர்க் கோப்பையைத் தேடினால் போதும், மற்றவர்களின் ஒரு மணி நேர உழைப்பு போயிற்று. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மடிந்தவர்கள் தம் கவசங்களைப் பழுதுபார்க்கும் செலவையும் தாமே ஏற்க வேண்டும்.

இதில் தலைவரின் வேலை போர்க்களத்தில் கட்டளையிடுவது என்றே வெளியிலிருப்போர் எண்ணுகின்றனர். அது வேலையின் மிகச்சிறிய பகுதி. நாற்பது இடங்களுக்கு ஐம்பது பேர் வந்தால் பத்துப் பேரை வெளியே உட்காரவைக்கும் பொறுப்பு தலைவருடையது. முப்பத்தாறு பேர் மட்டும் வந்தால் நால்வரைத் தேடி அலையும் பொறுப்பும் அவருடையதே. ஏழு தீக்குறிகளை அணைப்பதற்கான நீர் இன்று யாரிடம் இருக்கிறது என்று அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். காயம் ஆற்றுபவர் ஒருவர் தொடர்ந்து பிந்துகிறார் என்றால், அவர் கணினி பழையதா, மறுநாள் தேர்வா, மடியில் குழந்தை அழுகிறதா என்று தனியே அழைத்துக் கேட்க வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் காதலித்துப் பிரிந்தால், கில்டும் சேர்ந்து இரண்டாகாமல் காக்க வேண்டும். ஆர்லி ஹாக்ஷீல்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ‘உணர்வு உழைப்பு’ என்று பெயரிட்டது இதைத்தான். விமானப் பணிப்பெண்ணுக்குச் சம்பளம் உண்டு. கில்டுத் தலைவரோ தாமே மாதம் 14.99 டாலர் சந்தா கட்டிவிட்டு இந்த வேலையைச் செய்கிறார்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது பங்கீடு. நாற்பது பேர் சேர்ந்து ஓர் எதிரியை வீழ்த்தினால் கிடைப்பது இரண்டு மூன்று பொருள்கள். ஒரு வாள், ஒரு தோள்கவசம். அடுத்த வாரம்வரை அந்த எதிரி மீண்டும் வரமாட்டான். முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும், ஆனால் அடுத்த வாரமும் வர வேண்டும். பந்திக்கு முந்திப் படைக்குப் பிந்துகிறவர்கள் எங்கும் உண்டு. இங்கே அவர்கள் வாளை எடுத்துக்கொண்டு கில்டைவிட்டே ஓடிவிடுவார்கள்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர்கள் விளையாடியவர்களே. 1999-இல் வெளியான ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டில் நாகஃபென், வாக்ஸ் என்னும் இரு டிராகன்களை வீழ்த்தியவர்களிடையே பங்கீட்டுக்காகப் பிறந்தது டி.கே.பி. எனப்படும் புள்ளிமுறை. ரெய்டுக்கு வந்தவர் புள்ளி பெறுவார், பொருளை எடுத்தவர் புள்ளியை இழப்பார். அடிப்படை அவ்வளவே. பின்னர் வந்த கில்டுகள் அதைத் திருத்திக்கொண்டே இருந்தன. ஒருவர் இழந்த புள்ளியை மற்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை வந்தது. பொருள் பெற்றவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பும் முறை வந்தது. புள்ளியே வேண்டாம், ஒரு சிறு குழு கூடி முடிவெடுக்கட்டும் என்ற முறையும் வந்தது. இவற்றில் எதுவும் நிறுவனத்தின் கணினியில் இல்லை. வீரர்கள் தாமே அமைத்த பக்கங்களிலும் விரிதாள்களிலும்தான் அந்தச் சட்டங்கள் வாழ்ந்தன. காவலரோ நீதிமன்றமோ இல்லாத இடத்தில், ஒருவரையொருவர் நேரில் பாராத நாற்பது பேர், ஏட்டில் எழுதிய ஓர் எண்ணை நம்பி ஆறு மாதம் காத்திருந்தனர். எலினார் ஆஸ்ட்ரம் பொதுவளங்களைப் பயனாளர்களே விதி வகுத்து ஆள முடியும் என்று மீன்பிடி நீர்நிலைகளையும் பாசனக் கால்வாய்களையும் கொண்டு நிறுவினார். அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்ட 2009-இல், அதே செய்தி உலகெங்கும் இரவுதோறும் அரங்கேறிக்கொண்டிருந்தது.

அந்தச் சட்டங்கள் நியாயமானவை என்று சொல்வதற்கில்லை. வருகைக்குப் புள்ளி என்றால் நேரம் உள்ளவரே செல்வந்தர். குழந்தையை உறங்கவைத்துவிட்டு வாரம் ஒருநாள் வருகிற பெண்ணும், ஷிஃப்ட் மாறிமாறி வேலை பார்க்கிறவரும் எந்நாளும் ஏழைகள். குழு கூடி முடிவெடுத்த இடங்களில் தலைவரின் நண்பருக்கே வாள் கிடைத்தது என்ற முணுமுணுப்பு ஓய்ந்ததே இல்லை. ஓனிக்ஸியா என்னும் டிராகனிடம் தோற்ற ஒரு குழுவின் தலைவர் தம் ஆட்களைக் கத்தித் தீர்த்து ஐம்பது புள்ளி அபராதம் விதிக்கும் ஒலிப்பதிவு உலகப் புகழ் பெற்றது. இன்றும் கேட்டுச் சிரிக்கிறார்கள். தலைமைப் பண்பின் பள்ளிக்கூடம் என்று கில்டைப் போற்றிய கட்டுரைகள் அந்தப் பாடவேளையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இருப்பினும் அந்தக் கத்தலுக்கு ஓர் எல்லை இருந்தது, முழு வாதமும் அந்த எல்லையில்தான் நிற்கிறது. கத்து வாங்கியவர் ஒரே சொடுக்கில் கில்டைவிட்டு வெளியேறலாம். வாடகை நிற்காது, வீட்டில் அடுப்பு அணையாது. ஆகவே கில்டுத் தலைவர் ஒவ்வொரு வாரமும் நாற்பது பேரின் இசைவைப் புதிதாய்ப் பெற வேண்டியவர். நிறுவன மேலாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சம்பளமும் சம்பள வெட்டும் அவருக்காகப் பேசும். இசைவால் மட்டுமே ஆளத் தெரிந்தவரை இசைவே தேவைப்படாத நாற்காலியில் அமர்த்திவிட்டு, அங்கே கற்றதை இங்கே பயன்படுத்து என்பது எத்தகைய அறிவுரை? 2008 கட்டுரை ஓர் உண்மையைத் தொட்டது என்பதை மறுப்பதற்கில்லை. கில்டில் தலைமை கைமாறிக்கொண்டே இருக்கிறது. தலைவரின் குணத்தைவிடச் சூழலின் அமைப்பே முக்கியம் என்று அது கண்டுகொண்டது. கண்டுகொண்டபின் பரிந்துரைத்தது என்ன? புள்ளிகளையும் வெளிப்படையான செயல்திறன் பலகைகளையும் அலுவலகத்துக்குள் கொண்டுவரலாம் என்பதை. சூழலின் அமைப்பில் தலையாயது வெளியேறும் உரிமை. பரிந்துரையில் அதற்கு இடமில்லை.

இந்தியக் கல்விப்புலத்துக்கு இது அந்நியக் கதையன்று. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏ.பி.ஐ. என்னும் புள்ளிமுறையை ஆசிரியர்கள்மீது இறக்கியது. கருத்தரங்கில் கட்டுரை படித்தால் இத்தனை, ஆய்விதழில் வெளியிட்டால் இத்தனை. அதன்பின் புள்ளிக்காகவே கருத்தரங்குகள் பெருகின, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் பெருகின. டி.கே.பி.யில் ஓட்டை இருந்தால் அடுத்த வாரமே நாற்பது பேர் கூடிச் சண்டையிட்டு விதியை மாற்றினர். ஏ.பி.ஐ.யின் ஓட்டையை அடைக்க எந்த ஆசிரியரும் கூட்டப்படவில்லை. மேலிருந்து ஒரு திருத்தம் வரும்வரை காத்திருந்தனர். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இருந்த சட்டமியற்றும் உரிமை பேராசிரியர்களுக்கு இல்லை. இதைக் கேட்டுப் பேராசிரியர்கள் கோபப்படுவார்களானால் நல்லது; கோபம் சரியான திசையில் போகட்டும்.

ஏச்சின் பக்கமும் வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். விடுதி அறையிலிருந்து ஐரோப்பிய சர்வரில் விளையாடும் இந்திய மாணவருக்கு, அங்கே மாலை எட்டு மணிக்குத் தொடங்கும் ரெய்டு குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. முடிக்கும்போது விடிகாலை நாலு. காலை வகுப்பில் அவர் தூங்கி விழுவது உண்மை. ஆய்வு பிந்துவதும் உண்மை. ஆனால் அவரை வீணர் என்கிற நெறியாளரின் துறையில், கருத்தரங்குக்கு நாற்காலி போடுவதும், விருந்தினரை ரயில் நிலையத்தில் அழைத்துவருவதும், சான்றிதழில் பெயர் எழுதுவதும் உதவித்தொகை மாதக்கணக்கில் வராத ஆய்வு மாணவர்களே. ஒன்று வீண், மற்றொன்று பயிற்சி என்று பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? கில்டில் உழைத்தவர் குறைந்தபட்சம் யாருக்கு எவ்வளவு பங்கு என்று வாய்விட்டுக் கேட்க முடிந்தது.

தாமாக விரும்பிச் செய்வதை உழைப்பு என்பதா, ஊர்த் திருவிழாக் குழுவும் இப்படித்தானே ஓடியாடுகிறது என்று கேட்கலாம். ஆம், ஓடியாடுகிறது. ஆனால் தேர் ஊருடையது. கில்டின் பெயர், அதன் பொதுக் கருவூலம், உறுப்பினரின் பாத்திரம், கையிலுள்ள வாள் எல்லாமே ஒப்பந்தப்படி நிறுவனத்தின் உடைமை. 2010 அக்டோபரில் அந்த விளையாட்டின் சந்தாதாரர் எண்ணிக்கை 1.2 கோடியைத் தாண்டியது. டிராகன்கள் சலித்தபின்னும் சந்தா கட்டியோரில் எத்தனையோ பேரைப் பிடித்துவைத்தது செவ்வாய் இரவில் காத்திருக்கும் நண்பர்களே. அந்த நண்பர்களைக் கூட்டிவைத்தவர் தலைவர். விளையாட்டு உழைப்பாகும் இடத்தை ஜூலியன் கூக்லிச் 2005-இலும் நிக் யீ 2006-இலும் எழுதிக்காட்டியாயிற்று. மேலாண்மைத் துறை அவற்றைப் படித்ததற்கான அறிகுறி இல்லை.

உடைமை யாருடையது என்பது விதி மாறும்போது தெரியும். 2007 ஜனவரியில் வந்த விரிவாக்கத்தில் பெரிய ரெய்டின் அளவு நாற்பதிலிருந்து இருபத்தைந்தாகக் குறைந்தது. அதற்கு வாயிலாக அமைந்த கராஸானில் பத்துப் பேருக்கே இடம். நிறுவனத்துக்கு அது வடிவமைப்பு மாற்றம். தலைவருக்கோ, ஈராண்டு கூடவே நின்ற பதினைந்து பேரிடம் இனி இடமில்லை என்று சொல்லும் வேலை. அதில் உடைந்த கில்டுகள் பல. 2018 விரிவாக்கத்தில் பொருளைத் தலைவர் கையால் பங்கிடும் முறையே நீக்கப்பட்டு, இயந்திரமே ஆளுக்கு ஆள் நேராகக் கொடுக்கத் தொடங்கியது. திருட்டும் பாகுபாடும் நடந்தது உண்மைதான். எனினும் முறையிட ஒரு வழி அமைப்பதற்குப் பதில் ஆட்சியையே கலைத்தனர். 2022-இல் ரெய்டில் குழுப்பங்கீடு வேறொரு வடிவில் திரும்பி வந்தது. எடுத்தபோதும் வாக்கெடுப்பு இல்லை, கொடுத்தபோதும் இல்லை.

இதைப் பொறுமையாய்ப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. மார்க் சென் 2012-இல் வெளியிட்ட ‘லீட் நூப்ஸ்’ நூல் மோல்டன் கோரில் போராடிய ஒரு நாற்பதுபேர்க் குழுவை உள்ளிருந்தே பின்தொடர்கிறது. அந்தக் குழு முதலில் தட்டுத்தடுமாறிக் கற்கிறது. பின்னர் ஒவ்வொருவரின் தாக்குதலையும் எண்ணாகக் காட்டும் மென்பொருள் உள்ளே வருகிறது. தோழரின் தவறு பேசித் தீர்ப்பதாக இருந்தது போய், திரையில் படிப்பதாகிறது. நட்புக்காக வந்தவர்களுக்கும் வெற்றிக்காக வந்தவர்களுக்கும் இடையே விரிசல் விழுந்து, இறுதியில் குழு கலைகிறது. வெற்றிக்கதை தேடும் மேலாண்மை வகுப்பில் இந்நூலுக்கு வேலையில்லை.

கில்டை ஆராய விரும்பும் மாணவர் தலைவரைப் பேட்டி காண்பதோடு நிற்க வேண்டாம். நாற்பது பேரின் பெயரும் உள்ள பழைய புள்ளி ஏடு எங்கேனும் ஒரு வன்தட்டில் கிடக்கும். அதைக் கேட்டு வாங்கலாம். யார் எத்தனை இரவு வெளியே உட்காரவைக்கப்பட்டார், எந்த விதி எந்தச் சண்டைக்குப் பின் எழுதப்பட்டது, யார் எந்த வாரம் சொல்லாமல் போனார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தலைவர் களைத்து விலகிய மறுவாரம் ரெய்டுப் பட்டியலை எழுதியவர் யார், அவரிடம் அப்பொறுப்பை யார் ஒப்படைத்தார், அல்லது எவருமே எழுதவில்லையா என்பதையும் அங்கேதான் தேட வேண்டும்.