உப்புக் கிணறும் ஊர் வரலாறுதான்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் எழுதினான்: "மீஞ்சூருக்கு என்ன சார் வரலாறு? லாரியும் புழுதியும்தான்." உடனே ஒரு பிள்ளை, "நம்ம ஊர் வட காஞ்சி. ஏகாம்பரநாதர் இருக்கார், வரதராஜப் பெருமாள் இருக்கார்" என்று பதில் போட்டாள். அவளுக்கு ஏகப்பட்ட கைதட்டல்.

எனக்கு இரண்டு பேர் மேலும் வருத்தம். கோயில் நம் பெருமைதான். ஆனால் கோயில் மதிலோடு ஊர் வரலாறு முடிந்துவிடுமா?

1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் நல்ல தண்ணீர் இருந்தது. ஆழ்துளைக் கிணறுகள் போட்டு சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் கொண்டு போனார்கள். நம் விவசாயிகளும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். அதை மறைக்கக் கூடாது.

நிலத்தடியில் நன்னீர் மட்டம் உயரமாக இருக்கும்வரை அது கடல்நீரைத் தள்ளி நிறுத்தும். மட்டம் இறங்கினால் உப்புநீர் உள்ளே வரும். இங்கே பத்து கிலோமீட்டருக்கும் மேல் வந்துவிட்டது.

பிறகு 2010 ஜூலை 31 அன்று காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளைக்கு 10 கோடி லிட்டர். அது சென்னைக்கு. ஆலைக்குப் பெயர் மட்டும் மீஞ்சூர்! நல்ல தண்ணீரைக் கொடுத்தோம், உப்பை வாங்கிக்கொண்டோம், கடைசியில் பெயரையும் கொடுத்தோம். இது வரலாறு இல்லையென்றால் எது வரலாறு?

"பழசைக் கிளறி என்ன சார் ஆகப்போகுது?" என்று கேட்பீர்கள். எந்தக் கிணறு எந்த வருஷம் கரித்தது என்று எழுதி வைக்காத ஊரைப் பார்த்து, நாளைக்கு எவரும் "இங்கே எப்பவுமே உப்புத் தண்ணிதான்" என்று சொல்லலாம். மறுத்துப் பேச நம் கையில் ஒரு தாளும் இருக்காது.

குற்றம் என் மேலும் உண்டு. மொகஞ்சதாரோ கிணற்றைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். உங்கள் கொல்லைக் கிணற்றைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். இதுதான் வீட்டுப்பாடம். தாத்தா, ஆயா இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். கிணறு எப்போது வெட்டியது? எத்தனை அடியில் தண்ணீர்? என்ன பயிர் வைத்தார்கள்? எந்த வருஷம் கரித்தது? அதற்கப்புறம் நிலம் என்ன ஆனது? ஒரு பக்கம் போதும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எழுதி அனுப்புங்கள்.

உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்