வேலை இருக்கிறது, எந்த வாசலால் போவது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் பெயர்த்துக்கொண்டு போனபோது வீடுகள் மட்டும் போகவில்லை. மரக்கறித் தோட்டம், மாட்டுக்கொட்டில், சிறு துண்டு நிலத்தில் வைத்திருந்த தேயிலை, மிளகு, கராம்பு எல்லாமே போயின. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த அனர்த்தத்தில் மிக அதிகமான உயிர்களை இழந்தது எமது மாவட்டமே. உயிர் தப்பியவர்களிலும் பலருக்கு, தாம் பயிர் செய்த சரிவில் இனிக் குடியிருப்பது ஆபத்து என்று சொல்லப்பட்டுவிட்டது.

மண்ணை நம்பி வாழ்ந்த குடும்பம் மண்ணை விட்டுப் பெயர்ந்ததும் கேட்கிற முதற் கேள்வி, "எங்கே ஆள் எடுக்கிறார்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குரிய பதில் பெரும்பாலும் கடை வாசலிலும் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்திலும், நலன்புரி நிலையத்துக்கு வந்துபோகும் தரகரின் வாயிலிருந்துமே கிடைக்கிறது. ஆள் எடுக்கும் தொழில்கள் இன்று உள்ளன, அதில் ஐயமில்லை. எந்த வாசலால் அவற்றுக்குள் போகிறோம் என்பதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஆடைத் தொழிலை முதலில் எடுத்துக்கொள்வோம். அன்றைய ஜனாதிபதி பிரேமதாச 1992இல் ஆரம்பித்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம், கட்டுநாயக்கவில் மட்டும் இருந்ததாக எண்ணப்பட்ட வேலையைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. கண்டிப் பக்கத்தில் பல்லேகலை கைத்தொழிற் பூங்கா உள்ளது. தையல் இயந்திரத்துக்கு ஆள் தேவை என்ற பதாகையைத் தொழிற்சாலை வாசல்களில் காண்பது புதிதல்ல. ஒரு வாரப் பயிற்சியோடு உள்ளே எடுத்துக்கொள்ளும் தொழில் என்பதால், குடும்பத்தின் முழுச் சுமையும் பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்பிள்ளையின் தோளில் வந்து விழுகிறது. தகப்பனுக்கு வேலை தேடுவதற்கு முன்பே மகளுக்கு வேலை தேடிவிடும் வழக்கம் எமக்குள் வேரூன்றி வருவதை நான் நல்லதாகக் கருதவில்லை.

தொழிற்சாலைக்குள் போவதற்கு இரு வாசல்கள் உண்டு. ஒன்று நிறுவனமே நியமனக் கடிதம் தந்து எடுப்பது. மற்றையது 'மேன்பவர்' எனப்படும் ஆள்விநியோகக் கொந்தராத்துக்காரர் வானில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவது. இன்று ஒரு தொழிற்சாலை, நாளை இன்னொன்று. மாலையில் கையில் காசு. நிவாரண அரிசியில் நாள் கடத்தும் வீட்டுக்கு அந்தக் கைக்காசு பெரிதாகவே தெரியும். நிரந்தர வேலையில் மாத முடிவு வரை காத்திருக்க வேண்டும், அதிலும் கழிவு போகும் என்று சொல்லியே தரகர் ஆளைச் சேர்க்கிறார்.

கணக்கைப் பார்ப்போம். சட்டப்படியான தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாய், நாட்கூலி 1,200 ரூபாய். இந்தத் தொகையை மட்டுமே வாங்கும் ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதமான 2,400 ரூபாய் கழிக்கப்படும். அதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். தொழில்கொள்வோர் தம் கையிலிருந்து 12 வீதம், அதாவது 3,600 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமான 900 ரூபாயும் கட்ட வேண்டும் என்பதைப் பார்ப்பதில்லை. மாதம் 4,500 ரூபாய். ஐந்து வருடத்தில், வட்டியைச் சேர்க்காமலே, 270,000 ரூபாய். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியாக்கியவருக்கு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. அது இன்னும் 75,000. இவ்வளவையும் விட்டுக்கொடுத்துத்தான் கைக்காசு வாங்குகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே சட்டத்தில் இல்லை. 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் நாட்கூலிக்காரருக்கும் துண்டுக்கூலிக்காரருக்கும் பொருந்தும். ஒரே ஒருவரை வைத்து வேலை வாங்கினாலும் கட்டத்தான் வேண்டும். கொந்தராத்துக்காரர் "எங்களுக்கு அது கிடையாது" என்றால், கிடையாதது அவருக்கு மனம்தான், சட்டம் அல்ல. வேலை செய்த நாட்களையும் இடத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், பின்னாளில் தொழில் திணைக்களத்தில் முறையிடும்போது அதுவே உங்கள் சாட்சி.

ஹோட்டல் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2025இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் நாட்டுக்கு வந்தார்கள். பெரஹரா காலத்தில் கண்டியில் அறை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆள் தேவைப்படும். ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பின் பின்னரும், 2020இல் கொரோனாவிலும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் கடைசியாகச் சேர்க்கப்பட்ட தற்காலிக ஊழியர்களே.

எமது ஆண்கள், சிறப்பாக நாற்பதைத் தாண்டியவர்கள், கட்டட வேலையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை அரசாங்கம் அறிவித்திருக்கிறது. வீதிகள், பாலங்கள், மதகுகள், மண் தாங்கும் சுவர்கள் என்று வேலை குவிந்து கிடக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் மேசன்மாரும் தச்சர்களும் வயறிங் வேலைக்காரர்களும் அடங்குவர்.

இங்கே பழைய கதை ஒன்றை நினைக்காமல் இருக்க முடியாது. 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணை, 122 மீற்றர் உயரத்துக்கு எழுந்து தும்பறைப் பள்ளத்தாக்கை நீரில் ஆழ்த்தியது. பழைய தெல்தெனிய நகரமே அதற்குள் போயிற்று. வரட்சியில் நீர் வற்றினால் அதன் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டும். விளைநிலத்தை இழந்தவர்களில் ஒரு பகுதியினர் திகன, குண்டசாலைப் பக்கமும் மற்றவர்கள் மகாவலி 'சி' வலயத்துக்கும் போனார்கள். அணை கட்டிய வருடங்களில் கூலி வேலைக்குப் பஞ்சமில்லை. அணை முடிந்தது, வேலையும் முடிந்தது. கம்பி கட்டவும் கொங்கிறீட் போடவும் கற்றவருக்கு அடுத்து ரந்தெனிகலை, ரந்தம்பை என்று போக வழி இருந்தது. தாச்சி சுமந்தவருக்கு என்ன இருந்தது?

ஆகவே கையாளாகப் போகிறவர் கையாளாகவே திரும்பி வரக்கூடாது. கல் அடுக்கி மண் அணை கட்டியவர், கொட்டில் போட்டவர், நீர்க்குழாய் இழுத்தவர் கட்டட வேலையில் பாதி தெரிந்தவர். தெரிந்ததைச் செய்துகாட்டி, பாடசாலைச் சான்றிதழ் இல்லாமலே அனுபவத்தின் அடிப்படையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் முறை ஒன்று இந்நாட்டில் உண்டு. என்.வி.கியூ. என்றால் எல்லோருக்கும் விளங்கும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் இதை விசாரிக்கலாம். விவசாயத்தை விட மனமில்லாத இளைஞருக்கு, குண்டசாலையில் விவசாயக் கல்லூரி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. நிலம் போனதால் பயிர்த்தொழில் அறிவும் போய்விட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.

வெளிநாடு பற்றி ஒரு வார்த்தை. கொரியாவுக்கு ஆள் அனுப்புவது 2004இல் இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டுமே. கொரிய மொழிப் பரீட்சை எழுத வேண்டும். இடையில் முகவருக்கு இடமில்லை. இடமில்லாத இடத்தில் நின்று காசு கேட்பவர் யார் என்று நீங்களே தீர்மானியுங்கள். 2024இல் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட எம் நாட்டு இளைஞர்களையும் நல்ல சம்பளம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம். முகவரின் அனுமதிப்பத்திரம் உண்மையானதா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம். வீட்டுக்கென வந்த நிவாரணப் பணத்தை முகவர் கையில் வைப்பது, இருந்த ஒரே விதைநெல்லையும் அவித்துத் தின்பது போன்றது.

எந்த வேலைக்குப் போனாலும் காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ முற்பணத்துக்கு ஈடாகக் கொடுக்காதீர்கள். அவை மண்ணோடு போயிருந்தால் பிரதி எடுக்க இப்போதே விண்ணப்பியுங்கள். விளங்காத மொழியில் உள்ள கடதாசியில் கையொப்பம் இடுவதும் எமது பழைய வியாதி. 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. தொழிற்சாலையில் அது கிடைக்காவிட்டால், வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரிடம் காட்ட ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ஒரு நாள்கூடத் தராத இடம் ஒரு வருடத்துக்குப் பின் என்ன தரும்?

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தோருக்கான வீடுகளை வெளியூர்க் கொந்தராத்துக்காரர் வெளியூர் ஆட்களைக் கொண்டு கட்டி முடிக்க, வீட்டுக்குரியவர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல. ஒவ்வொரு கொந்தராத்திலும் இத்தனை பேர் பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து எடுக்கப்பட வேண்டும், அவர்களுக்குச் சேமலாப நிதி கட்டப்பட வேண்டும், வேலை முடியும்போது தகைமைப் பரீட்சைக்கு அனுப்பப்பட வேண்டும் என்று எழுதிவிடலாம். அதற்கு யாருக்கு என்ன வேலை தெரியும் என்ற பட்டியல் முதலில் தேவை. அப்படியொரு பட்டியல் இருக்கிறதா என்று, அடுத்த முறை நிவாரணப் படிவத்துடன் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். தமிழிலேயே கேளுங்கள்.