மரமாக நிற்கும் பிள்ளை



வகுப்பில் ஒரு நாடகம் என்றதும் பாத்திரங்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை உற்றுநோக்கியிருக்கிறீர்களா? சிவந்த மேனியும் நல்ல உடையும் உடைய சிறுமி அரசியாகிறாள். தடையின்றிப் பேசும் சிறுவன் அமைச்சன். கறுத்த பிள்ளைக்கு வேலைக்காரி வேடம். ‘இவளுக்கு ஒப்பனையே வேண்டா’ என்று எவரேனும் சிரித்துக்கொண்டே சொல்லியும் விடுவர். வாய் திறவாப் பிள்ளையோ, இரு கைகளிலும் வேப்பங்கொத்துடன் மூலையில் மரமாக நிற்கும். பாடவேளை முடிந்ததும், ‘மாணவர் அனைவரும் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று பதிவேட்டில் எழுதப்படும்.

மரமும் பங்கேற்றது உண்மையே. அது கற்றது என்ன?

நடித்துக் கற்பது நமக்குப் புதிதன்று. இயேசு சபையார் 1599-இல் வெளியிட்ட கல்வி விதித்தொகுப்பு பள்ளி நாடகங்களைப் பற்றிப் பேசுகிறது. அவை இலத்தீனில் அமைதல் வேண்டும், அரிதாகவே நடைபெறுதல் வேண்டும் என்கிறது. (‘அரிதாகவே’ என்னும் சொல்லை அக்காலக் கல்லூரிகள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை!) ஆயினும் அவை மேடைக்கு உரியவை, எழுதித் தந்ததை மனனம் செய்து நாவன்மை பெறுதற்கு உரியவை. வகுப்பறையில் பாத்திரமேற்று நடித்தலோ வேறு வகையைச் சார்ந்தது.

கிராம சபையைப் பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்வோம். உரையாடல் முழுவதையும் ஆசிரியரே எழுதிக் கொடுப்பின் பிள்ளைகள் ஒப்பிப்பர், அவ்வளவே. மாறாக, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு சீட்டைக் கொடுத்துப் பாருங்கள். ‘உன் தெருவுக்கு மூன்று மாதமாகக் குடிநீர் வரவில்லை’ என்பது மூதாட்டிக்கு. ‘பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை, மாடுகள் உள்ளே புகுகின்றன’ என்பது தந்தையாக வருபவனுக்கு. ‘கையிலுள்ள பணம் ஒரு வேலைக்கே போதும்’ என்பது தலைவருக்கு. என்ன பேசுவது என்பதை அவர்களே தேடியாக வேண்டும். அங்கே வாய் திறவாப் பிள்ளைக்கும் ஓர் அலுவல் உண்டு. அனைவரும் ஒரே நேரத்தில் கூச்சலிடுகையில் யார் என்ன சொன்னார் என்று செவிமடுத்து, தீர்மானத்தை எழுதும் எழுத்தர் அப்பிள்ளையே. கூட்டத்திலேயே கடினமான வேலை அதுதான் என்பதைப் பங்குப் பேரவையில் அமர்ந்த எவரும் அறிவர்.

இங்கே சில ஆசிரியர் ஒரு தடை எழுப்புகின்றனர். ‘இப்பிள்ளை கண்ணால் கற்பவன், அப்பிள்ளை செவியால் கற்பவள், நடிப்பு இவர்களுக்கு ஒத்துவராது’ என்கின்றனர். இத்தகைய வகைப்பாடுகள் பல உள்ளன. பார்த்தல், கேட்டல், படித்தெழுதல், செய்தல் எனக் கற்போரின் விருப்பங்களை நான்காக வகுத்து 1992-இல் வெளியிட்டவருள் ஒருவர் நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங். பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தந்த வகைக்கேற்பக் கற்பித்தால் மிகுதியாகக் கற்பர் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, ஹரோல்ட் பாஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க உளவியலாளர் 2008-இல் ஆய்வுகளைத் தொகுத்து எடுத்துரைத்தனர். இக்கருத்து நம் பயிற்சி வகுப்புகளை இன்னும் முழுமையாக எட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வகைப் பெயர் சூட்டுவது வீண் வேலை மட்டுமாயின் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்னும் சிற்றூரில், ஜேன் எலியட் என்னும் ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்தார். நீலக் கண்ணினர் ஒரு பிரிவு, பழுப்புக் கண்ணினர் மறு பிரிவு. ஒரு பிரிவு உயர்ந்தது என்றார், பின்னர் முறையை மாற்றினார். இன வேற்றுமையின் கொடுமையைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்பது அவர் நோக்கம். தாழ்ந்தோர் எனப்பட்ட பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே சோர்ந்து போயினர், பாடத்திலும் பின்தங்கினர். சிறுவரை இவ்வாறு வருத்தலாமா என்னும் கண்டனமும் எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. எனினும் அவ்வகுப்பு காட்டியதை மறத்தற்கில்லை. ஒரு வேடம் பிள்ளையின் உள்ளத்துக்குள் இறங்க ஒரு முற்பகல் போதும்.

அங்கே அந்த வேடத்தை ஆசிரியை தாமே கழற்றிவிட்டார். ‘இவனுக்குப் பேச வராது’, ‘இவள் செவியால் கற்பவள்’ என்று நாம் மாட்டிவிடும் வேடத்தை யார் கழற்றுவது? ஆண்டுதோறும் வேலைக்காரியாகவே நிற்கும் அப்பெண்ணின் வேடத்தை?

ஆதலின் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடுங்கள். அடுத்த முறை தலைவர் மூதாட்டியாகவும், எழுத்தர் தலைவராகவும் மாறட்டும். நடிப்பு முடிந்ததும் பத்து நிமிடமேனும் ஒதுக்கி, அனைவரையும் சொந்தப் பெயரிட்டு அழைத்து அமரச் செய்து, யாருடைய கோரிக்கை நியாயமானது, ஏன் என்று கேளுங்கள். மணியடித்துவிட்டது என்று இப்பகுதியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கற்றல் நிகழும் இடம் பெரிதும் இதுவே.

பெற்றோரே, மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் ‘உனக்கு என்ன வேடம்?’ என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த மூதாட்டியின் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்றும் கேளுங்கள்.