விபத்து இழப்பீடு: கம்பெனி தரப்பில் நிற்கும் ‘பேனல் வக்கீல்’ யார்? பணம் தாமதமாவது எங்கே?

அதிராம்பட்டினம் வழியாகப் போகிற கிழக்கு கடற்கரைச் சாலையில் ஒரு லாரி, பைக் மீது மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பைக்கில் வந்தவர் இறந்துவிடுகிறார். லாரி தூத்துக்குடி பதிவு, பாலிசி சென்னையில் போட்டது. குடும்பம் வழக்குப் போடுவது பட்டுக்கோட்டையில். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சட்டப் பிரிவு அதிகாரி அந்த கோர்ட் வாசலை மிதிக்காமலேயே வழக்கு முடிந்துவிடலாம். அவருக்காக அங்கே நிற்பவர் உள்ளூர் வழக்கறிஞர். கம்பெனியின் பட்டியலில் இருப்பதால் ‘பேனல் வக்கீல்’ என்பார்கள்.

ஏன் உள்ளூர் ஆள்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவுப்படி, விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. குடும்பம் வசிக்கிற ஊரிலும் போடலாம். சென்னையில் விபத்து நடந்தாலும் அதிராம்பட்டினத்துக் குடும்பம் பட்டுக்கோட்டையிலேயே வழக்கு நடத்தலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய வசதி. அதனால் கம்பெனிகள் ஊருக்கு ஊர் ஆள் வைத்தாக வேண்டியிருக்கிறது.

அந்த வக்கீலின் வேலை வாய்தாவுக்கு நிற்பது மட்டும் இல்லை. எஃப்.ஐ.ஆர். எப்போது பதிவானது, அதில் இருக்கிற வண்டிதான் நிஜமாக மோதிய வண்டியா, டிரைவருக்கு லைசென்ஸ் இருந்ததா என்று பார்க்க வேண்டும். காயமடைந்தவர் வழக்கென்றால், ஊனச் சான்று கொடுத்த டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். வண்டி உரிமையாளர் பல நேரம் கோர்ட் பக்கமே வரமாட்டார். “அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே” என்று விட்டுவிடுவார். வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்க்கப்பட்ட கம்பெனி, இழப்பீட்டுத் தொகை உட்பட எல்லா அம்சங்களையும் எதிர்த்து வாதாடலாம் என்று ஷிலா தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னது. ஆக, அந்தப் பக்கம் முழுச் சுமையும் இந்த ஒரு வக்கீல் தலையில்.

இந்தக் கண்காணிப்பு வீண் வேலை என்று ஒதுக்கவும் முடியாது. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகள் குவிந்ததால், அவற்றை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-ல் உத்தரவிட்டது.

அதிராம்பட்டினம் மாதிரி ஊர்களில் இன்னொரு சிக்கல், வெளிநாட்டு வருமானம். இறந்தவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்றால், சம்பளச் சீட்டு உண்மையா, எத்தனை வருஷ ஒப்பந்தம், ஊருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று கம்பெனி வக்கீல் கேள்வி மேல் கேள்வி கேட்பார். வங்கிக் கணக்கு விவரமும் வேலை ஒப்பந்தமும் கையில் இல்லாத குடும்பம் இங்கேதான் தடுமாறுகிறது.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பாயம் தொகையை அறிவித்ததும் வேறொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 173-வது பிரிவுப்படி மேல்முறையீட்டுக்கு 90 நாள். பேனல் வக்கீல் தீர்ப்பு நகல் வாங்கி, அப்பீல் போகலாமா வேண்டாமா என்று கருத்து எழுதி அனுப்புவார். முடிவு அவர் கையில் இல்லை. சாட்சிகளை நேரில் பார்த்தவர் அவர். பேப்பரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது மேலே இருக்கிற அதிகாரி. தொகை கொஞ்சம் பெரிதாக இருந்தால், “ஏன் அப்பீல் போகவில்லை?” என்று நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். பொதுத்துறை கம்பெனி அதிகாரிக்கு இந்தப் பயம் சாதாரணமானது இல்லை. அப்பீல் போட்டால் அந்தக் கேள்வி வராது.

தஞ்சாவூர் மாவட்டத்து அப்பீல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். அங்கே வேறு வக்கீல், கட்டு முதல் பக்கத்திலிருந்து. அப்பீல் போடவே ரூ.25,000 அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இதில் எது குறைவோ அதைக் கட்ட வேண்டும். தடை உத்தரவு கேட்டால், பெரும் பங்கை டெபாசிட் செய்யச் சொல்வது வழக்கம். மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியில் தொகை குறையவில்லை என்றால், கம்பெனி அதிகமாகக் கட்டுகிறது. குடும்பத்துக்குப் பணம் சில வருஷம் தள்ளிக் கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் நஷ்டம்.

(அரசுப் பேருந்து மோதினால் கதை வேறு. போக்குவரத்துக் கழகமே பணம் தர வேண்டும். தராவிட்டால் பஸ்ஸை ஜப்தி செய்கிற செய்திகள் அடிக்கடி வருவது அதனால்தான்.)

வழக்கு இல்லாமலே முடியாதா?

சட்டம் அதைத்தான் விரும்புகிறது. 2019 திருத்தப்படி, விபத்துத் தகவல் வந்த 30 நாளில் கம்பெனி அதிகாரி ஒரு சமரசத் தொகையை முன்வைக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தர வேண்டும். இதைச் செயல்படுத்தச் சொல்லி 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியாக உத்தரவு போட வேண்டியிருந்தது.

இன்னொரு வழி லோக் அதாலத். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. அங்கும் பேனல் வக்கீல் தொகைக்கு ‘சரி’ சொல்ல, கம்பெனியின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். அது வரவில்லை என்றால் இன்னொரு வாய்தா.

கம்பெனி அப்பீல் போட்டதாக நோட்டீஸ் வந்தால், ‘தீர்ப்புதான் நமக்கு வந்துவிட்டதே’ என்று குடும்பம் சும்மா இருக்கக் கூடாது. டெபாசிட் ஆன பணத்தில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்கலாம். தொகை குறைவு என்று நினைத்தால், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எதிர் மேல்முறையீடும் போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மதுரைக் கிளையிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.