பிள்ளைக்கு ஏற்ற சைக்கிளா? சைக்கிளுக்கு ஏற்ற பிள்ளையா?

சட்டை தைக்கும்போது அளவு எடுக்கிறார்கள். செருப்பு வாங்கும்போது காலில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் சைக்கிள் வாங்கும்போது மட்டும் யாரும் அளவு பார்ப்பதில்லை!

"வளருகிற பிள்ளை. பெரிய சைக்கிளாகவே கொடுங்கள்" என்கிறார் தகப்பனார். கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார். சீட்டைக் கீழே இறக்கி விடுகிறார். பிள்ளையின் கால் தரையில் படுகிறது. எல்லோருக்கும் திருப்தி!

கால் எட்டிவிட்டது. கை எட்டியதா? அதை யாரும் கேட்பதில்லை.

மலைப் பாதையில் நடப்பது என்ன?

தேனி மாவட்டத்தில் வருசநாடு இருக்கிறது. வைகை ஆறு பிறக்கும் மலை அது. இலவ மரமும் முந்திரியும் நிறைந்த ஊர்கள். கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று பாதை மேலே போகிறது. போகும்போது ஏற்றம். வரும்போது இறக்கம்.

இந்த மாதிரிப் பாதையில் எட்டாத ஹாண்டில்பார் வெறும் தொந்தரவு அல்ல, ஆபத்து.

இறக்கத்தில் சைக்கிள் வேகமாக வருகிறது. எதிரே மாடு வந்து விடுகிறது. பிரேக்கைப் பிடிக்க வேண்டும். சிறிய கை. நீளமான பிரேக் பிடி. விரல் நுனிதான் படுகிறது. பிடிப்பதற்குள் மாடு பக்கத்தில் வந்துவிடும்!

விழாமல் தப்பினாலும் வலி விடாது. கையை நீட்டி, முன்னால் குனிந்து ஓட்டினால், உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது. உள்ளங்கையின் ஓரமாக ஒரு நரம்பு போகிறது. அது அழுந்தினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். பிறகு தோள் வலி. கழுத்து வலி.

"சைக்கிள் வேண்டாம் அம்மா" என்று பிள்ளை சொல்லும். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவார்கள். குற்றம் பிள்ளை மீது அல்ல. ஹாண்டில்பார் மீது!

சீட்டை இறக்கினால் போதாதா?

போதாது. காரணம் எளிது.

சீட்டைக் கீழே இறக்கினால் உயரம் குறைகிறது. ஆனால் சீட்டுக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவே உள்ள தூரம் பெரிதாகக் குறைவதில்லை. உயரமான ஆளுக்காகச் செய்த தூரம் அது. குட்டையான பிள்ளைக்குக் கையும் குட்டைதானே?

சிலர் சீட்டை முன்னால் தள்ளி வைக்கிறார்கள். கை எட்டும். ஆனால் முழங்கால் பெடலுக்கு மேலே மிகவும் முன்னால் போய்விடும். கை வலி போய் முழங்கால் வலி வரும். ஹாண்டில்பாரைத்தான் கிட்டே கொண்டு வரவேண்டும்.

அரசாங்க சைக்கிள்

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-2002 கல்வி ஆண்டில் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு மட்டும் கிடைத்தது. பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

நல்ல திட்டம். தூரத்து ஊர்ப் பெண்கள் படிப்பை நிறுத்தாமல் இருக்க உதவிய திட்டம்.

ஆனால் ஒரு குறை உண்டு. மாணவனுக்கு ஒரு மாதிரி. மாணவிக்கு ஒரு மாதிரி. வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் இரண்டே மாதிரிதானா? நாலே முக்கால் அடிப் பெண்ணும் அதே பெஞ்சில் இருக்கிறாள். ஐந்தரை அடிப் பெண்ணும் இருக்கிறாள். இருவருக்கும் ஒரே சைக்கிள்!

கொடுக்கிற அன்றே பள்ளி மைதானத்தில் ஒரு சைக்கிள் மெக்கானிக்கை உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஏறி உட்காரட்டும். சீட்டு, ஹாண்டில்பார், பிரேக் மூன்றையும் ஆளுக்குத் தகுந்தபடி வைத்துக் கொடுக்கட்டும். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும். இவ்வளவு செலவு செய்து கொடுக்கும் சைக்கிள் வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்காமல் இருக்க இது சின்ன வேலை.

புதுக்கோட்டைப் பெண்கள்

"அந்தக் காலத்தில் குரங்குப் பெடல் போட்டுப் பெரிய சைக்கிளையே ஓட்டினோமே!" என்று பெரியவர்கள் கேட்கலாம். உண்மைதான்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்து போனது. ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள்!

அது அவர்களுடைய துணிச்சல். அதற்காக மகளும் பேத்தியும் கஷ்டப்பட்டே ஓட்ட வேண்டும் என்று சட்டமா?

வெளிநாட்டிலும் இதே கதை

இது வருசநாட்டுக் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பெண் பொறியாளர், குட்டையான பெண்களுக்குச் சைக்கிள் பொருந்தவில்லை என்று கண்டார். முன் சக்கரத்தைச் சிறிதாக்கி, கை எட்டும் தூரத்தைக் குறைத்துச் சைக்கிள் செய்தார். 1985-ல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார்.

2025-ல் சர்வதேச சைக்கிள் சங்கம், சாலைப் பந்தய சைக்கிளின் ஹாண்டில்பார் குறைந்தது 40 செ.மீ. அகலம் இருக்க வேண்டும் என்று விதி அறிவித்தது. தோள் குறுகிய வீராங்கனைகளுக்கு இது பொருந்தாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. பந்தயக்காரர்களுக்கே இந்தப் பாடு என்றால் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்க வேண்டுமா?

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் சீட்டு. உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக வரவேண்டும்.

அடுத்து தூரம். கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை சற்று மடங்கி இருக்க வேண்டும். விறைப்பாக நீண்டிருந்தால் தூரம் அதிகம். திருப்பும்போது முழங்காலில் இடித்தால் தூரம் குறைவு.

மூன்றாவது அகலம். தோளின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும். ஆட்டுக் கொம்பு போல வளைந்த பந்தய ஹாண்டில்பார் என்றால் தோள் அகலமே சரியான அளவு. 36 செ.மீ. முதல் 44 செ.மீ. வரை கிடைக்கிறது.

நான்காவது வளைவு. நேரான கம்பியைவிட, ஓட்டுபவரைப் பார்த்துப் பின்னால் வளைந்த கம்பி சிறிய ஆளுக்கு நல்லது. பிடி தானே கிட்டே வரும்.

ஐந்தாவது பிரேக். உள்ளங்கை பிடியை விட்டு விலகாமல் இரண்டு விரல் பிரேக்கை வளைத்துப் பிடிக்க வேண்டும். வயர் பிரேக் பலவற்றில் பிடியின் அருகே சிறு திருகாணி இருக்கும். அதைத் திருகினால் பிடி கிட்டே வரும்.

ஹாண்டில்பாரின் தண்டை உயர்த்தினாலும் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் கவனம்! தண்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் தண்டு ஒடியலாம், கழன்றும் வரலாம். வேலை முடிந்ததும் முன் சக்கரத்தை இரண்டு காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, ஹாண்டில்பாரைத் திருகிப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது.

செலவு அதிகமா?

இல்லை. சைக்கிளை மாற்ற வேண்டாம். தண்டையும் கம்பியையும் மாற்றினால் போதும். பிள்ளை வளர்ந்தால் பழையதையே திரும்ப மாட்டிக் கொள்ளலாம். வளருகிற பிள்ளைக்குச் சிக்கனமும் இதுதான்.

அடுத்த முறை கடைக்குப் போகும் தகப்பனார், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகட்டும். ஏற்றி உட்கார வைத்துக் காலைப் பார்க்கட்டும். பிறகு கையையும் பார்க்கட்டும்!